இருபது நிமிடத்தில் ஒரு மடையான்

உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற, சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஊடாகச் செல்லும் பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலையோரம் விடியற்காலையில் நின்றால், வரைவதற்குப் பறவைகளுக்குக் குறைவிருக்காது. ஆனால் நீலத் தாழைக்கோழி கோரைக்குள் நுழைந்து மறைந்துவிடும்; நெடுங்கால் உள்ளான் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும். மீனுக்காக அசையாமல் காத்து நிற்பது மடையான் என்னும் சிறு கொக்குதான். அமர்ந்திருக்கையில் மண் நிறமாகவும், எழுந்து பறக்கையில் வெள்ளைச் சிறகுடனும் தோன்றும் இப்பறவை, ஒளி ஊடுருவும் நீர்வண்ணத்தையும் அடியிலுள்ளதை மறைத்துப் படியும் குவாஷ் வண்ணத்தையும் எங்கெங்கே பயன்படுத்த வேண்டும் என்பதைக் கற்றுத்தரும்.

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள தடித்த தாள், 8ஆம் எண் மற்றும் 2ஆம் எண் உருண்டைத் தூரிகைகள், அல்ட்ராமரீன் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), யெல்லோ ஓக்கர் (மண்மஞ்சள்) ஆகிய மூன்று நீர்வண்ணங்கள், வெள்ளை, மஞ்சள் குவாஷ் டியூப்கள் போதும். தண்ணீர்க் குவளை மட்டும் இரண்டு வேண்டும். வெள்ளையைத் தொடும் தூரிகையைக் கலங்கிய நீரில் கழுவக் கூடாது.

பென்சிலுக்கு அரை நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். கழுத்தை உள்ளிழுத்து நிற்கும் மடையானின் உடல் ஏறக்குறைய ஒரு மாங்கொட்டை வடிவம். அதன் சாய்வையும் அலகின் சாய்வையும் சரியாகப் பிடித்துவிட்டால், பறவை பறந்துபோனாலும் படம் தாளில் நிலைத்துவிடும். கண்ணிலிருந்து தொடங்குவோர் பெரும்பாலும் உடலுக்குத் தாளில் இடமின்றித் தவிக்கிறார்கள்.

அடுத்து, ஓக்கரில் சிறிது சியன்னா சேர்த்து நீர்மோர் பதத்தில் கரைத்து, பெரிய தூரிகையால் உடல் முழுவதையும் ஒரே வீச்சில் நிரப்புங்கள். அது ஈரமாக இருக்கும்போதே, அல்ட்ராமரீனும் சியன்னாவும் கலந்த அடர்பழுப்பை முதுகில் வைத்தால், அது தானாகவே கீழ்நோக்கிக் கசிந்து, நீங்கள் தனியாகத் தீட்ட வேண்டிய நிழலைத் தானே உண்டாக்கிவிடும். தாளின் பளபளப்பு மங்கியதும் கழுத்துக் கீற்றுகளை இடுங்கள். முன்னதாக இட்டால் பரவும், பின்னதாக இட்டால் கம்பிபோல் விறைத்து நிற்கும்.

இப்போது காய விட வேண்டும். சித்திரை வெயிலில் சில நிமிடங்களில் காய்ந்துவிடும் தாள், ஐப்பசி ஈரக்காற்றில் பொறுமையைச் சோதிக்கும். அடையாற்று முகத்துவாரத்தில் ஒரு மழைக்கால மாலையில் நான் அவசரப்பட்டு வெள்ளையை வைக்க, அது அடிவண்ணத்தோடு குழைந்து சாம்பல் சேறாயிற்று. புறங்கையால் தொட்டால் குளிர்ச்சி தெரியும்வரை தாள் காயவில்லை என்றே கொள்ளுங்கள்.

குவாஷ் தோசை மாவுப் பதத்தில் இருக்க வேண்டும். அதைவிடக் கெட்டியானால் காய்ந்தபின் வெடிக்கும். வெறும் வெள்ளை ஒட்டவைத்த காகிதம்போல் தெரியும் என்பதால், ஒரு துளி ஓக்கர் கலந்து, கழுத்தின் வெளிர் கீற்றுகளையும் மூடிய சிறகின் வெள்ளை விளிம்பையும் மட்டும் தொடுங்கள். குவாஷில் வெளிர் நிறங்கள் காயும்போது சற்றே கருக்கும்; ஆகவே வேண்டியதைவிட ஒரு படி வெளிறக் கலக்குங்கள். ஒரு முறை இட்ட இடத்தை மறுபடி தேய்க்காதீர்கள்: அதன் கோந்து நீரில் கரையக்கூடியது, தேய்த்தால் அடியிலுள்ளதும் எழும்பி வரும்.

பறக்கும் மடையானுக்கு இந்த முறை தலைகீழாகும். முதலில் சதுப்பின் அடர்பச்சைச் சாம்பல் நிறத்தைப் பின்னணியாகப் பூசி நன்கு காயவிட்டு, அதன்மேல் சிறகு ஒவ்வொன்றையும் மூன்று நான்கு குவாஷ் வீச்சுகளில் முடித்து, நடுவே முதுகின் பழுப்பைப் பதியுங்கள். சிறகின் நிழல் பகுதியில் குவாஷை நீர்த்து இட்டால் பின்னணி மெல்லத் தெரியும். தனியே நிழல் தீட்ட வேண்டாம்.

அமர்ந்த பறவைக்குத் திரும்பினால், மிச்சமிருப்பது கண்ணின் மஞ்சள் புள்ளி, அதற்குள் கரும்புள்ளி, மஞ்சள் அலகின் நுனிக் கருமை ஆகியவையே. நுனிக் கருமையை 2ஆம் எண் தூரிகையால் கடைசியாக, ஒரே தொடுகையில் வையுங்கள்.