காம்போவில் மாட்டினால் முக்கோண பட்டனை மட்டும் நம்பாதீர்கள்

டபிள்யூடபிள்யூஈ 2கே22 மல்யுத்த வீடியோ கேமில் புதிதாக ஆடுபவர்கள் கவனிக்காமல் விடுவது பிரேக்கர். எதிராளி காம்போ (தொடர் அடிகள்) போட்டு விடாமல் அடிக்கிறாரா? அவர் அடுத்து அழுத்தப்போகும் பட்டனை ஊகித்து, அதையே நீங்களும் தட்டுங்கள். காம்போ அங்கேயே அறுந்துவிடும். பிளேஸ்டேஷனில் லேசான அடிக்குச் சதுரம், பலத்த அடிக்கு எக்ஸ், பிடிக்கு வட்டம். பெரும்பாலானவர்கள் சதுரத்தையே திரும்பத் திரும்பத் தட்டுவார்கள், அதனால் முதலில் அதையே ஊகியுங்கள். முக்கோணம் ரிவர்சலுக்கு, அதாவது எதிராளியின் தாக்குதலைத் தடுத்துத் திருப்ப; நேரம் கொஞ்சம் பிசகினாலும் அடி விழும்.

அப்புறம், ரோஸ்டரை, அதாவது வீரர்கள் பட்டியலைத் திறந்ததும் கை ரோமன் ரெய்ன்ஸ், அண்டர்டேக்கர் பக்கம்தான் போகும். சரி, ஆசை யாரை விட்டது! ஆனால் பழகும்வரை ஒரே வீரரை வைத்து ஆடுங்கள். என் ஓட்டு ரே மிஸ்டீரியோவுக்கு.