சி ஷார்ப்பில் டெலிகேட், மல்டிகாஸ்ட் டெலிகேட்: பயன்படுத்தும் முறை

யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்தையில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் விற்கும் கடையொன்றுக்கு மென்பொருள் எழுதுவதாகக் கொள்வோம். விற்பனை பதிவானதும் பற்றுச்சீட்டு அச்சாக வேண்டும், இருப்புக் குறைய வேண்டும், உரிமையாளருக்குக் குறுஞ்செய்தி செல்ல வேண்டும். இவற்றை விற்பனை வகுப்பே (கிளாஸ்) நேரடியாக அழைத்தால், பின்னர் சேரும் ஒவ்வொரு வேலைக்கும் அவ்வகுப்பைத் திருத்த நேரிடும். இதைத் தவிர்க்க சி ஷார்ப் நிரலாக்க மொழியின் டெலிகேட் உதவும்.

முதலில், தொகையை ஏற்று எதையும் திருப்பித் தராத டெலிகேட் வகையொன்றை அறிவியுங்கள். டெலிகேட் என்பது மெதட்டை, அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதியை, சுட்டும் பொருள். அளவுருக்கள் பொருந்தாத மெதட்டைத் தொகுப்பான் (கம்பைலர்) ஏற்காது. அவ்வகையில் ஒரு மாறியை உருவாக்கி, கூட்டல்-சமன் குறியால் மூன்று மெதட்களையும் சேருங்கள். மாறியை ஒருமுறை அழைத்தால், சேர்த்த வரிசையிலேயே மூன்றும் இயங்கும், இதுவே மல்டிகாஸ்ட். கழித்தல்-சமன் குறி நீக்கும். லாம்டாவை, அதாவது பெயரில்லாமல் எழுதிய மெதட்டை, நீக்க வேண்டியிருந்தால் மட்டும் அதை முன்கூட்டியே ஒரு மாறியில் வைத்திருங்கள்.

அனைத்தையும் நீக்கிவிட்டால் மாறி நல் (எதையும் சுட்டாத வெற்று நிலை) ஆகிவிடும், அப்போது அழைத்தால் பிழை எழும்; ஆகவே 2015இல் சி ஷார்ப் 6 உடன் வந்த கேள்விக்குறி-புள்ளிக் குறியுடன், டெலிகேட்டை இயக்கும் இன்வோக்கை அழையுங்கள். மதிப்புத் திருப்பும் மெதட்களாயின், இறுதியாக இயங்கியதன் மதிப்பு மட்டுமே கிடைக்கும்.

இவை எல்லாவற்றிலும் நான் பெரிதாகக் கருதுவது விதிவிலக்கை, அதாவது இயங்கும்போது எழும் பிழையைத்தான். குறுஞ்செய்தி மெதட் வரிசையில் முன்னே நின்று, இணைப்பு அறுந்து விதிவிலக்கு எழுந்தால், அடுத்தவை இயங்கவே மாட்டா. மாம்பழம் விற்றும் இருப்புக் குறையாது. கெட்-இன்வோகேஷன்-லிஸ்ட் மூலம் மெதட்களின் பட்டியலைப் பெற்று, ஒவ்வொன்றையும் பிழையைப் பிடிக்கும் தனித்தனி ட்ரை-கேட்ச் பகுதிக்குள் அழைத்து, பிழையைப் பதிவுசெய்துவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள்.