அரிசோனா நினைவகத்தை வழிகாட்டியுடன் பார்ப்பது எப்படி

ஹவாயின் ஓஹு தீவில், ஹொனலுலு நகருக்கு மேற்கே உள்ள பேர்ல் ஹார்பர் துறைமுகத்தில், யு.எஸ்.எஸ். அரிசோனா என்ற போர்க்கப்பல் மூழ்கிய இடத்திலேயே இன்றும் கிடக்கிறது. 1941 டிசம்பர் 7ஆம் நாள் காலையில் ஜப்பானியக் கடற்படை விமானங்கள் நடத்திய தாக்குதலில் இந்த ஒரு கப்பலில் மட்டும் 1,177 பேர் இறந்தனர். அவர்களில் 900க்கும் மேற்பட்டோரின் உடல்கள் மீட்கப்படாமல் கப்பலுக்குள்ளேயே தங்கிவிட்டன. கப்பலின் குறுக்கே, அதன் மேல் எங்கும் படாமல், நீரில் நிற்கும் வெள்ளைக் கட்டடமே அரிசோனா நினைவகம். படகில் போய்த் திரும்புவது உட்பட நிகழ்ச்சி மொத்தம் 45 நிமிடந்தான். போக்குவரத்து போக, நினைவகத்தின் தளத்தில் நிற்கக் கிடைப்பது கால் மணி நேரமோ அதற்குச் சற்றுக் கூடுதலோதான். கரையில் எவ்வளவு தெரிந்துகொண்டு படகேறுகிறோமோ அவ்வளவுதான் அங்கே கண்ணில் படும் என்பதால், பயண ஏற்பாட்டையும் அன்றைய நேரத்தையும் அதற்கேற்ப அமைத்துக்கொள்வது நல்லது.

நினைவகத்தையும் கரையிலுள்ள பார்வையாளர் மையத்தையும் அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவை நிர்வகிக்கிறது. படகுகளை இயக்குவது அமெரிக்கக் கடற்படை. நுழைவுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் படகில் இடம் பிடிப்பதற்கு ரெக்ரியேஷன்.கவ் என்ற அரசுத் தளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். அதற்கு ஆளுக்கு 1 டாலர் பதிவுக் கட்டணம் உண்டு. சீட்டுகள் எட்டு வாரங்களுக்கு முன்பே, ஹவாய் நேரப்படி பிற்பகல் 3 மணிக்கு வெளியிடப்படுகின்றன. மறுநாளுக்கென ஒதுக்கிவைத்த சிறு பங்கு முந்தைய நாள் அதே 3 மணிக்கு வெளியாகிறது. இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்து பதிவு செய்வோர்க்கு அது அடுத்த நாள் காலை 6.30, சிங்கப்பூர், மலேசியாவில் காலை 9 மணி. விடுமுறைக் காலங்களில் இடங்கள் சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிடுவதுண்டு என்பதால், கணக்கைத் திறந்து, உடன் வருவோரின் எண்ணிக்கையை முடிவு செய்து வைத்துக்கொண்டு அந்த நேரத்திற்குக் காத்திருக்க வேண்டும். இரண்டு வாய்ப்பும் தவறினால், அன்று காலை நேரில் சென்று, வராதவர்களின் இடத்திற்கான வரிசையில் நின்று பார்க்கலாம். கிடைக்கும் என்ற உறுதி இல்லை. முடிந்தவரை காலையின் முதல் படகுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பிற்பகலில் காற்று வலுத்தால் நினைவகத்தில் படகை அணைப்பது கடினமாகி, பயணத்தையே நிறுத்திவைக்கும் நாட்கள் உண்டு.

வைக்கீக்கி கடற்கரை விடுதிகளிலிருந்து பேருந்தில் அழைத்துச் செல்லும் தனியார் சுற்றுலாக்களும் பல உள்ளன. அவற்றில் பணம் கட்டுமுன் ஒரே ஒரு கேள்வியைத் தெளிவாகக் கேட்டுவிட வேண்டும்: அரிசோனா நினைவகத்திற்கான படகுச் சீட்டு இதில் அடங்குமா, அல்லது பார்வையாளர் மையத்தில் இறக்கிவிடுவது மட்டும்தானா? விளம்பரத்தில் நினைவகத்தின் படம் இருப்பதாலேயே சீட்டும் இருக்கும் என்று கொள்ள முடியாது. முதியோரோ குழந்தைகளோ உடன் வந்தால் போக்குவரத்து வசதிக்காகத் தனியார் சுற்றுலா பயன்படலாம். மற்றபடி, சொந்தமாகப் பதிவு செய்து நகரப் பேருந்தில் போவதே மேல் என்பது என் கருத்து. ஏனெனில் சுற்றுலாப் பேருந்தின் கால அட்டவணையில் முதலில் வெட்டுப்படுவது அருங்காட்சியகத்திற்கான நேரந்தான்.

பைகளுக்கு அனுமதி இல்லை. முதுகுப்பை, கேமராப் பை மட்டுமல்ல, பெண்களின் கைப்பையும் இதில் அடங்கும். வாயிலுக்கு அருகே கட்டணம் வாங்கிக்கொண்டு பைகளைப் பாதுகாக்கும் இடம் உண்டு. பணப்பை, கைப்பேசி, கடவுச்சீட்டு ஆகியவற்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மற்றவற்றை விடுதியிலேயே விட்டுவிட்டால் அந்த வரிசையும் மிச்சம். நிழல் குறைவு என்பதால் தொப்பி தேவைப்படும்; நீச்சலுடையில் வருவது இங்கே தகாது.

படகு நேரத்திற்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுங்கள். மையத்தில் இரண்டு காட்சிக்கூடங்கள் உள்ளன: ஒன்று போருக்கு இட்டுச்சென்ற ஆண்டுகளைப் பற்றியது, மற்றொன்று தாக்குதல் நாளைப் பற்றியது. இரண்டையும் முழுமையாகப் பார்க்க நேரம் இல்லையென்றால் முதல் கூடத்திற்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். தாக்குதலின் கதையைப் படகிலும் நினைவகத்திலும் மறுபடி கேட்பீர்கள். ஆனால் எண்ணெய்க்கும் மூலப்பொருளுக்கும் பிற நாடுகளை நம்பியிருந்த ஜப்பானுக்கும், 1941இல் அந்த எண்ணெயை நிறுத்திய அமெரிக்காவுக்கும் இடையே பகை எப்படி முற்றியது என்பதை அங்கே விரிவாகச் சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது. அட்மிரல் யமமோட்டோ வகுத்த திட்டப்படி, நகுமோவின் தலைமையில் ஆறு விமானந்தாங்கிக் கப்பல்கள் வடக்கிலிருந்து வந்ததும், காலை 8 மணிக்குச் சற்று முன்பாக முதல் அலை விமானங்கள் துறைமுகத்தின் மேல் பாய்ந்ததும் அடுத்த கூடத்தில் வரும்.

நம் வாசகர்கள் அந்த ஆறு கப்பல்களின் பெயர்களைக் கவனித்து வைத்துக்கொள்ளலாம்: அகாகி, காகா, சோர்யு, ஹிர்யு, ஷோகாகு, சூயிகாகு. காகா நீங்கலாக மற்ற ஐந்தும், அதே நகுமோவின் தலைமையில், நான்கே மாதம் கழித்து இந்தியப் பெருங்கடலுக்கு வந்தன. 1942 ஏப்ரல் 5இல் கொழும்பையும், ஏப்ரல் 9இல் திருகோணமலையையும் தாக்கிய விமானங்கள் அவற்றிலிருந்து எழுந்தவையே. மட்டக்களப்புக் கடலில் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மஸ் மூழ்கியதும் அந்த 9ஆம் நாள்தான். அகாகி, காகா, சோர்யு, ஹிர்யு ஆகிய நான்கும் அதே ஆண்டு ஜூனில் மிட்வே போரில் அழிந்தன. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், இங்குள்ள வரைபடங்கள் எங்கோ தொலைவில் நடந்த அமெரிக்கக் கதையாகத் தோன்றா.

படகேறுமுன், வழிகாட்டியாக இருக்கும் தேசியப் பூங்காச் சேவையின் ரேஞ்சரோ (பூங்கா அலுவலர்) தன்னார்வலரோ விதிகளைச் சொல்வார்கள். உரக்கப் பேசக்கூடாது, உணவு கூடாது, கைப்பேசி ஒலிக்கக்கூடாது என்பவை அவற்றுள் முக்கியமானவை. படகில் எந்தப் பக்கம் உட்காருவது என்று பலர் முண்டியடிப்பார்கள்; பயணம் சில நிமிடங்களே, இரண்டு பக்கமும் பார்க்கத் தக்கவைதான். துறைமுகத்தின் நடுவே உள்ள ஃபோர்டு தீவின் ஓரமாக, நீரிலிருந்து எழும் வெள்ளை நிறக் கான்கிரீட் மேடைகள் வரிசையாக நிற்பதைக் கவனியுங்கள். அன்று போர்க்கப்பல்களைக் கட்டி நிறுத்தியிருந்த கட்டுத்தறிகள் அவை. எந்தக் கப்பல் எங்கே நின்றது என்பது அவற்றின் மேல் எழுதப்பட்டிருக்கிறது. தாக்குதல் எவ்வளவு நெருக்கமான இடத்தில் நடந்தது என்பதை எந்தப் படமும் இவ்வளவு எளிதாகக் காட்டாது.

நினைவகத்தில் இறங்கியதும் கூட்டம் நேராக உள்ளே போகும். நீங்கள் ஓரமாக ஒதுங்கி, கட்டடத்தின் வடிவத்தை ஒருமுறை பாருங்கள். 184 அடி நீளமுள்ள அது இரு முனைகளிலும் உயர்ந்து நடுவில் தாழ்ந்திருக்கிறது. தொடக்கத்தில் நேர்ந்த தோல்வியால் நடுவே தொய்ந்தாலும் இறுதி வெற்றியால் இருபுறமும் உறுதியாக நிற்கிறது என்று அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பிரைஸ் விளக்கினார். இந்த மனிதரைப் பற்றி வழிகாட்டியிடம் கேளுங்கள், பலர் கேட்பதில்லை. வியன்னாவில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி ஹவாய்க்கு வந்தவர் அவர். பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டதும் எதிரி நாட்டவர் என்ற பெயரில் அமெரிக்க அரசு அவரையே சாண்ட் ஐலண்ட் முகாமில் அடைத்தது. அந்தத் தாக்குதலின் நினைவகத்தை எழுப்பும் பொறுப்பு பின்னர் அவரிடமே வந்தது. 1962 மே மாதம் திறக்கப்பட்ட இந்தக் கட்டடத்திற்கு நிதி திரட்ட எல்விஸ் பிரெஸ்லி 1961 மார்ச் 25இல் பேர்ல் ஹார்பரிலேயே கச்சேரி நடத்தி 50,000 டாலருக்கும் மேல் சேர்த்துக் கொடுத்தார்.

நடுக்கூடத்தின் சாளரங்கள் வழியாகக் கீழே பார்த்தால் நீருக்கடியில் கப்பலின் மேல்தளம் மங்கலாகத் தெரியும். வெளியே தலைகாட்டும் பகுதிகளில் பெரியது, துருவேறிய வட்டமான இரும்பு வளையம். மூன்றாம் பீரங்கிக் கோபுரத்தின் அடித்தளம் அது. பீரங்கிகள் போர்க்காலத்திலேயே கழற்றி எடுக்கப்பட்டுவிட்டன. கொடிமரம், கப்பலின் அறுபட்ட முதன்மைக் கம்பத்தின் மேல் நிறுத்தப்பட்டிருக்கிறது. கூடத்தின் தரையில் உள்ள திறப்பருகே சற்று நேரம் பொறுமையாக நின்றால், ஒரு துளி எண்ணெய் கீழிருந்து மெல்ல எழுந்து, நீரின் மேற்பரப்பைத் தொட்டதும் உள்ளங்கை அகலத்திற்கு விரிந்து, நீலமும் ஊதாவும் கலந்த படலமாக நகர்ந்து செல்வதைக் காணலாம். தாக்குதலுக்கு முந்தைய நாள்தான் கப்பலில் எரிபொருள் நிரப்பப்பட்டிருந்தது; எரிந்ததும் கசிந்ததும் போக மீதி இன்றும் உள்ளே இருக்கிறது. அதை உறிஞ்சி எடுத்துவிடலாமே என்று யாராவது கேட்பார்கள். கல்லறையாகிவிட்ட கப்பலைத் துளைக்க வேண்டும் என்பதும், துருப்பிடித்த உடலைக் கிளறினால் கசிவு பெருகக்கூடும் என்பதும் அதற்குத் தடையாக நிற்கின்றன. அந்தத் திறப்பில் நாணயம் எறிவது மட்டும் வேண்டாம்.

கடைசி அறையில் பளிங்குச் சுவர் முழுவதும் இறந்தோரின் பெயர்கள். கட்டளையதிகாரி வான் வால்கன்பர்க், அட்மிரல் ஐசக் கிட் ஆகியோரின் பெயர்களைத் தேடுவதோடு நின்றுவிடாமல், ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வரும் இடங்களைப் பாருங்கள். அண்ணன் தம்பிகள் ஒரே கப்பலில் பணியாற்றுவது அன்று வழக்கம். அரிசோனாவில் அப்படிப் பலர் இருந்தனர், ஃப்ரீ என்ற பெயரில் தந்தையும் மகனுமாக இருவரும் இருந்தனர். கப்பலின் இசைக்குழுவினர் 21 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. சுவருக்கு முன்னால் தாழ்வாக அமைந்த பளிங்கில் உள்ளவை வேறு வகைப் பெயர்கள்: அன்று உயிர் தப்பி, முழு வாழ்வு வாழ்ந்து, தம் அஸ்தியைத் தோழர்களுடனேயே வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டவர்கள் அவர்கள். முக்குளிப்போர் அந்தக் கலசங்களைக் கப்பலுக்குள் கொண்டுபோய் வைத்தனர். 1982இல் தொடங்கிய இந்த வழக்கத்தின் கடைசிச் சடங்கு 2019 டிசம்பரில் லாரன் புரூனருக்கு நடந்தது. கடைசியாக எஞ்சியிருந்த வீரர் லூ கான்டர் 2024 ஏப்ரலில் தம் 102ஆம் வயதில் மறைந்தார். அவருடைய இறுதிச்சடங்கு கலிஃபோர்னியாவில் நடந்தது.

வழிகாட்டியிடம் கேள்வி கேட்க உரிய நேரம், அவர் பேசி முடித்துக் கூட்டம் கலையும் கணந்தான். தேதிகளைக் கேட்டு அந்த நேரத்தை வீணாக்காதீர்கள். அவை பலகையில் உள்ளன. குண்டு புகைபோக்கி வழியாக உள்ளே விழுந்தது என்ற பழைய கதையைச் சொல்லி, உண்மையில் எங்கே விழுந்தது என்று கேட்கலாம்: முன்பக்கத் தளத்தைத் துளைத்துக்கொண்டு வெடிமருந்து அறையை எட்டியது என்பதே பின்னர் தெளிந்த விவரம். அருகே கட்டப்பட்டிருந்த வெஸ்டல் என்ற பழுதுபார்ப்புக் கப்பலிலிருந்து ஜோ ஜார்ஜ் என்ற மாலுமி கயிறு எறிந்து, தீக்காயத்தோடு நின்ற ஆறு பேரைக் காப்பாற்றியதைப் பற்றியும் கேட்கலாம். அதற்குரிய பதக்கம் அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து 2017இல்தான் வழங்கப்பட்டது. இன்னொன்று: உங்கள் படகில் ஜப்பானியர்களும், ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களும் பெரும்பாலும் இருப்பார்கள். ஜப்பானியப் பிரதமர் ஷின்சோ அபேயும் ஒபாமாவும் 2016 டிசம்பரில் இந்தத் தளத்தில் ஒன்றாக நின்று மலர் தூவினர். யாரையும் சுட்டிப் பேசாதிருப்பது இங்கே எழுதப்படாத விதி.

கரை திரும்பியபின் நேரம் இருந்தால், ஃபோர்டு தீவில் நிற்கும் மிசௌரி போர்க்கப்பலுக்குச் செல்லலாம். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. 1945 செப்டம்பர் 2இல் ஜப்பான் சரணடைவு ஆவணத்தில் கையெழுத்திட்டது அதன் தளத்தில்தான். அங்கே வழிகாட்டியுடன் செல்லும் சுற்று நுழைவுச் சீட்டிலேயே அடங்குமா என்று சீட்டு வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள். மிசௌரிக்கு அருகிலேயே, கவிழ்ந்துபோன ஓக்லஹோமா கப்பலில் இறந்த 429 பேருக்காக 429 வெண்பளிங்குத் தூண்கள் நிற்கின்றன. பெரும்பாலோர் அதைக் கடந்து நேரே மிசௌரிக்குப் போய்விடுகிறார்கள். ஃபோர்டு தீவு இன்றும் படைத்தளப் பகுதி என்பதால் அங்கே நடந்து போக முடியாது. மையத்திலிருந்து புறப்படும் பேருந்தில்தான் போக வேண்டும். திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தை ஏறும்போதே ஓட்டுநரிடம் கேட்டுவிடுங்கள்; பையைக் காப்பிடத்தில் விட்டிருந்தால் அது எத்தனை மணிக்கு மூடப்படும் என்பதையும் காலையிலேயே விசாரித்து வையுங்கள்.