மட்காட் வெட்ட எந்தக் கருவி எடுப்பது? பெயின்ற் கெடாமல் வெட்டும் செய்முறை

டபுள் கப் பிக்கப் வாகனத்துக்கு ஒரு அளவு பெரிய ரயர் போட்டதும் ஸ்ரியறிங்கை முழுக்க ஒடிக்கும்போது உரசல் தொடங்கும். 265/70R16 ரயரின் விட்டம் ஏறத்தாழ 777 மி.மீ. 265/75R16 என்றால் 804. ஆரத்தில் கூடுவது 13 மி.மீ. தான். ஆனால் கிரவல் றோட்டுப் பள்ளத்தில் ஸ்பிரிங் அமுங்கும்போது அந்த 13 போதும், மட்காட்டைக் கடிக்க. மாரியில் வயல் பாதைச் சேறு ரயருக்கும் தகட்டுக்கும் இடையில் அடைந்தால் நிலைமை இன்னும் மோசம்.

வெட்டுவது பெரிய வித்தை இல்லை. பெயின்றைக் காப்பாற்றுவதுதான் வேலை. அதைக் கெடுப்பது பெரும்பாலும் பிளேட் அல்ல. பொறி, சூடு, கருவியின் அடித்தட்டு, அதிர்வு ஆகிய நாலும்தான். கருவியைத் தெரிவுசெய்யும்போது இந்த நாலையும் வைத்தே தெரிவுசெய்யுங்கள்.

முதலில் எங்கே உரசுகிறது என்று பாருங்கள்

முன் சில்லு ஒன்றையும் குறுக்கே எதிர்ப்பக்கப் பின் சில்லையும் மேட்டில் ஏற்றி, ஸ்ரியறிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடியுங்கள். உரசுமிடத்தில் சோக்கால் கோடு போடுங்கள். அதற்கு அப்பால் 25 மி.மீ. இடைவெளி விடுங்கள். பொதுவாக முதலில் கடிபடுவது முன் பம்பரின் பின்மூலையும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரும். இரும்பைத் தொடமுன் இவற்றை முடியுங்கள். பல வாகனங்களில் வேலை அத்தோடு சரி.

பிளாஸ்டிக்குக்கு

லைனரை வெட்டவே வேண்டாம். ஹீட் கன்னால் இளக்கி, கையுறை போட்ட கையால் பின்னுக்குத் தள்ளிப் பிடித்தால் ஆறியதும் அப்படியே நிற்கும். பம்பர் மூலைக்குச் சின்னப் பல் ஹக்சோ பிளேட் போதும். மின் ஜிக்சோ எடுத்தால் வேகத்தைக் குறைத்து வையுங்கள். வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகி, வெட்டிய இடமே பின்னால் ஒட்டிக்கொள்ளும். கிறைண்டரைப் பிளாஸ்டிக்குக்குக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள்.

தகட்டுக்கு

மட்காட் தகடு 0.7 முதல் 0.8 மி.மீ. வரை. இதற்கு என் முதல் தெரிவு டிரில்லில் பூட்டும் நிப்ளர், தகட்டைச் சின்னச் சின்னதாகக் கடித்து வெட்டும் கருவி. பொறி இல்லை, சூடு இல்லை, வளைவும் வெட்டலாம். பற்றரி டிரில்லிலும் ஓடும், எனவே கரண்ட் இல்லாத காணியிலும் வேலை நிற்காது. ஒரு குறை: பிறை வடிவில் சின்னச் சின்னத் துண்டுகள் கொட்டும். அவை ஊசி மாதிரி ரயரிலும் காலிலும் ஏறும். கீழே சாக்கு விரித்து, முடிந்ததும் காந்தத்தால் பொறுக்குங்கள்.

அடுத்தது தகரக் கத்தரி. சிவப்புப் பிடி இடப்பக்க வளைவுக்கு, பச்சை வலப்பக்கத்துக்கு, மஞ்சள் நேர் வெட்டுக்கு. மஞ்சளை மட்டும் வாங்கி வந்து மட்காட் வளைவில் திண்டாடாதீர்கள். கத்தரியின் வாயை ஒருபோதும் முழுக்க மூடக்கூடாது. மூடினால் நுனியில் தகடு கிழிந்து, விளிம்பு வெடித்துப் பெயின்ற் உதிரும். முக்கால்வாசி மூடி, முன்னுக்குத் தள்ளி, மறுபடி மூட வேண்டும். கோட்டுக்கு 3 மி.மீ. வெளியே வெட்டி மீதியை அரத்தால் எடுங்கள்.

ஜிக்சோ என்றால் அங்குலத்துக்கு 24 பல் உள்ள இரும்பு பிளேட். சாதாரண பிளேட் மேலே ஏறும்போதுதான் வெட்டும், அதனால் பெயின்ற் பக்கமே பெயரும். பல் கீழ்நோக்கிய பிளேட் கிடைத்தால் அதைப் போடுங்கள். ஆனால் அது கருவியை மேலே உதைக்கும், இறுக்கி அமுக்கிப் பிடிக்க வேண்டும்.

கிறைண்டர் கடைசித் தெரிவு. கத்தரியும் நிப்ளரும் தோற்பது மடிப்பில்தான்: இரண்டு தகடு சேர்ந்து 1.6 மி.மீ. வரும் இடம். அங்கே மட்டும் 1 மி.மீ. கட்டிங் டிஸ்க். ஒரு இழுவையில் வெட்டாமல் விட்டு விட்டு வெட்டுங்கள். விளிம்பு நீலமானால் அதை ஒட்டிய பெயின்றும் வெந்துவிட்டது என்று அர்த்தம். பொறி என்பது உருகிய இரும்புத் துகள். அது பெயின்றின் மேலுள்ள நிறமில்லாத கிளியர் கோட்டில் ஒட்டி, ஈரம் பட்டதும் பழுப்புப் புள்ளிகளாகக் கறள் கட்டும். கண்ணாடியில் பட்டால் குழி விழும், பிறகு போகவே போகாது. கதவு, கண்ணாடி, பொனட் எல்லாவற்றையும் நனைத்த சாக்கால் அல்லது பழைய போர்வையால் மூடுங்கள். பொலித்தீன் வேண்டாம், பொறி அதைத் துளைத்து உள்ளே போகும்.

ரேப் ஒட்டுவது: ஆட்கள் கோட்டை விடும் இடம்

ஒரு வரி மாஸ்கிங் ரேப் போதாது. வெட்டுக்கோட்டின் மேலேயே ஒன்று, அதற்கு மேல் 10 செ.மீ. அகலத்துக்கு இரண்டு அடுக்கு. கோட்டை ரேப்பின் மேல் வரையுங்கள். ஜிக்சோவின் அடித்தட்டுக்கும் ஒட்டுங்கள். அதில் சிக்கும் ஒரு இரும்புத் தூள் போதும், நீளக் கீறல் போட. ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் துடைத்துவிடுங்கள்.

வெயில் இதில் பெரிய எதிரி. மதிய வெயிலில் நின்ற வாகனத்தில் ரேப் பசை வெந்து படிந்துவிடும். காலையில் நிழலில் ஒட்டி அன்றே கழற்றுங்கள். பசை மிஞ்சினால் மண்ணெண்ணெய் தொட்ட துணி போதும், தின்னர் வேண்டாம்.

வெட்டி முடிந்ததும் முதலில் விளிம்பை அரத்தால் தேயுங்கள், ரேப் இருக்கும்போதே. அரம் பெயின்ற் பக்கத்திலிருந்து உள்நோக்கி மட்டும் போக வேண்டும். திரும்பி இழுத்தால் பெயின்ற் கிளம்பும். பிறகு ரேப்பை உள்ளிருந்து வெட்டு விளிம்பை நோக்கி, சாய்வாக, மெதுவாக உரியுங்கள். விளிம்பிலிருந்து தொடங்கினால் வெடித்த செதிலையும் சேர்த்துக்கொண்டு வரும்.

இன்னொன்று. இங்கே ஓடும் பழைய வாகனங்களில் பல ரிங்கரிங் செய்து, அதாவது ஒடுங்கிய தகட்டை நிமிர்த்தி, மறுபடி பெயின்ற் அடித்தவை. காந்தத்தைத் தடவிப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் புட்டி தடிப்பாக இருக்கிறது. அங்கே ஜிக்சோ மாதிரி அதிர்வு கூடிய கருவி வேண்டாம்.

மடிப்பை அடித்துத் தட்டையாக்குவதென்றால்

மடிப்பில் 25 மி.மீ.க்கு ஒரு கீறல் வெட்டி, சுத்தியலால் உள்ளே மடியுங்கள். குளிர்ந்த பெயின்ற் வெடிக்கும், ஆகவே ஹீட் கன்னால் கை பொறுக்காத சூடு வரை ஏற்றிக்கொண்டு அடியுங்கள். வெயில் உதவும் ஒரே கட்டம் இதுதான். பின் மட்காட்டில் உள், வெளித் தகடுகள் மடிப்பில்தான் பொட்டு வெல்டால் சேர்ந்திருக்கும். அதை வெட்டி எறிந்தால் இரண்டும் பிரியும், மறுபடி வெல்ட் வைத்து சீலர் பூச வேண்டும்.

கறள்

வெட்டிய விளிம்பை அன்றே மூடுங்கள். முல்லைத்தீவுக் கரைப்பக்கம் உப்புக் காற்றில் ஒரு இரவே போதும். 320 வாட்டர் பேப்பர், தின்னர் துடைப்பு, எபொக்சி பிரைமர் இரண்டு கோட், மேலே நிறம், உட்பக்கம் அண்டர் சீல். ரப்பர் பீடிங் போடுபவர்கள் பெயின்ற் நன்றாகக் காய்ந்தபின் போடுங்கள். ஈரத்தில் போட்டால் தண்ணீர் அதற்குள் நின்று விளிம்பைத் தின்னும்.

பிறகு சேர்த்தது: பின் மட்காட்டில் கைவைக்க முன் உள்ளே எட்டிப் பாருங்கள். எண்ணெய் ஊற்றும் குழாய் ஒரு பக்கத்தில் தகட்டை ஒட்டியே போகும். அந்தப் பக்கத்தில் கிறைண்டர் கூடவே கூடாது. முன்பக்கம் ஏபிஎஸ் பிரேக் சென்சர் வயரையும் வைப்பர் தண்ணீர்ப் போத்தலையும் ஒதுக்கிக் கட்டுங்கள். வெல்ட் வைக்கப் போனால் பற்றரி நெகற்றிவ்வைக் கழற்றிவிட்டுத்தான்.