காசிமேட்டுக் கடல்நீரில் உருளைக்கிழங்கு மிதக்குமா?

நான்காம், ஐந்தாம் வகுப்புக்குச் செயல் அட்டை தயாரிக்கும் ஆசிரியருக்கான குறிப்பு இது. கடலைப் பார்த்தே வளரும் ராயபுரம், காசிமேட்டுப் பிள்ளைகளிடம் கேட்டால், 'உப்புத்தண்ணிதானே மிஸ், மிதக்கும்' என்பார்கள். மிதக்காது, மூழ்கும். பாடம் அங்கேதான் பிடிக்கும்.

நால்வர் குழுவுக்கு வேண்டியவை: வாய் அகன்ற தெளிவான பாட்டில் இரண்டு, தூள் உப்பு 50 கிராம், டீஸ்பூன், ஒரே கிழங்கில் வெட்டிய 2 செ.மீ. துண்டுகள் நான்கு. கடல்நீரை ஆசிரியரே முந்தின நாள் எடுத்துவந்து, தெளியவிட்டு, துணியில் வடிகட்டட்டும். படகுத்துறை ஓரம் வேண்டாம், டீசல் படலம் மிதக்கும். நல்ல நீருக்குக் கேன் தண்ணீர். கடலோரத்துப் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும், கணக்கைக் குழப்பிவிடும்.

முதல் பாட்டிலில் 200 மி.லி. கடல்நீர், இரண்டாவதில் 200 மி.லி. நல்ல நீர். துண்டு போடும் முன்பே கணிப்பை எழுத வைக்க வேண்டும்; பிறகு எழுதினால் எல்லோரும் 'சரியாகத்தான் சொன்னோம்' என்பார்கள். கடல்நீரில் மூழ்கியதைப் பார்த்ததும், நல்ல நீரில் ஒவ்வொரு ஸ்பூனாக உப்பைக் கரைத்துச் சோதிக்கட்டும். பெரும்பாலும் நாலிலிருந்து ஆறு ஸ்பூனுக்குள் கிழங்கு மேலே வரும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, 200 மி.லி.க்கு 7 கிராம், அதாவது ஒரு ஸ்பூனுக்குச் சற்றுக் கூட. கிழங்கைத் தூக்க அது போதாது, அவ்வளவுதான் வித்தியாசம். இந்தக் கணக்கை அட்டையில் அச்சடிக்காதீர்கள், உங்கள் குறிப்பில் இருக்கட்டும்.

சொதப்பும் இடங்கள்: ஸ்பூனைக் குவித்து அள்ளினால் குழுவுக்குக் குழு விடை மாறும், ஸ்கேலால் வழித்து அளக்கச் சொல்லுங்கள். கல் உப்பு கரைய நேரமெடுக்கும். பொறுக்காத பிள்ளை இன்னும் கொட்டும். வேகமாகக் கலக்கினால் காற்றுக்குமிழ் துண்டில் ஒட்டித் தூக்கிவிடும், தட்டிவிட்டுப் பார்க்க வேண்டும். ஊறிய துண்டு நீரை இழந்து துவண்டுபோகும்; கால்மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

அட்டையில் கேள்வி மூன்று போதும்: என்ன நடக்கும்? என்ன நடந்தது? எத்தனை ஸ்பூனில்? 'அடர்த்தி' என்ற சொல்லே வேண்டாம். நகல் எடுக்குமுன் நான்கு பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். 'இப்ப என்ன பண்ணணும் மிஸ்?' என்று எந்த வரியில் கேட்கிறார்களோ, திருத்த வேண்டிய வரி அதுதான்.