ஒரு கால் மட்டும் வீங்கினால் தைலம் தேய்க்காதீர்கள்

ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி வலித்தால் நம் வீடுகளில் சுளுக்கு என்று தைலம் போட்டு உருவுகிறார்கள். உள்ளே ஆழத்துச் சிரையில் ரத்தம் உறைந்திருந்தால், அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்துவிடும் ஆபத்து உண்டு. அன்றைக்கே டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) எடுங்கள். மூச்சு வாங்கினால் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

பிள்ளை பெற்றவளிடம் நடக்கும் தவறுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. பிரசவத்தில் ரத்தம் அதிகம் போய்விடாமல் இருக்க, கர்ப்பத்திலேயே உறையும் தன்மை கூடிவிடும். பிரசவத்துக்குப் பின்னும் 6 வாரமாவது அந்த ஆபத்து இருக்கும். அப்போது போய், பச்சை உடம்பு என்று தண்ணீரைக் குறைத்து, நடக்கவும் விடாமல் படுக்க வைக்கிறோம். விடாமல் தலை வலித்தால் ‘நீர் கோத்திருக்கும்’ என்று பற்றுப் போடுகிறோம். மூளைச் சிரையில் ரத்தம் உறைந்ததால் வந்த வலியாகவும் அது இருக்கலாம். பார்வை மங்குவது, வலிப்பு, கை கால் மரத்துப்போவது என ஏதாவது சேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

அப்புறம், ரத்தம் இப்படி உறைவது பரம்பரையா, இடையில் வந்ததா என்ற கேள்வி. பல நேரம் இரண்டும் சேர்ந்துதான் ஆளைச் சாய்க்கும். ரத்தம் தேவையில்லாமல் உறைவதைத் தடுக்கும் புரதம் சி பிறவியிலேயே குறைந்தவர் பல வருடம் நன்றாக இருப்பார். காலில் மாவுக்கட்டு போட்டுப் படுத்ததும் ரத்தம் உறையும். அறுவை சிகிச்சை, புற்றுநோய், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எல்லாம் இப்படித் தூண்டிவிடக் கூடியவை.

இதைக் கண்டுபிடிக்கிறோம் என்று ரத்தம் உறைந்த அதே வாரத்தில் எல்லாப் பரிசோதனையும் எடுப்பது வீண். அந்த நேரத்தில் உறைவதைத் தடுக்கும் புரதம் சி, புரதம் எஸ், ஆன்டித்ராம்பின் மூன்றுமே குறைவாகக் காட்டக்கூடும். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்துகளில் வார்ஃபரின் முதல் இரண்டையும், ஹெப்பாரின் மூன்றாவதையும் குறைக்கும்; கர்ப்பத்தில் புரதம் எஸ் தானாகவே இறங்கும். அந்த ஒரு தாளை நம்பி ஒரு பெண்ணைக் ‘குடும்ப வியாதிக்காரி’ ஆக்கிவிடாதீர்கள். ஃபேக்டர் ஃபைவ் லைடன் என்ற, ரத்தம் உறைவதைக் கூட்டும் மரபணு மாற்றத்துக்கான சோதனை எப்போது எடுத்தாலும் முடிவு மாறாது. ஆனால் 1994இல் நெதர்லாந்தில் கண்டறிந்த அந்த மாற்றம் ஐரோப்பியரிடம்தான் அதிகம். அது இல்லை என்பதால் பரம்பரைக் காரணமே இல்லை என்றாகாது.

நம் உடலின் எதிர்ப்பு சக்தியே தவறாக வேலை செய்து ரத்தத்தை உறைய வைக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் பெரும்பாலும் இடையில் வருவது. அடுத்தடுத்துக் கரு கலைந்தவர்களுக்கு இதைப் பார்க்க வேண்டும். 12 வாரம் கழித்து மறுபடியும் பாசிட்டிவ் வந்தால்தான் உறுதி.

வார்ஃபரின் சாப்பிடுபவர் கீரையை அடியோடு விட வேண்டியதில்லை, வாராவாரம் அளவு மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும். வீக்கம் வடிந்தது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சிகிச்சை பொதுவாகக் குறைந்தது 3 மாதம்.