சர்க்கரை நோய் வந்த நாய்க்கு வீட்டிலேயே இன்சுலின்

12 மணி நேரத்துக்கு ஒருமுறை, சாப்பிட்ட கையோடு ஊசி. அளவை திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ உங்கள் டாக்டரிடமோதான் கேட்க வேண்டும். பெரும்பாலும் கிலோவுக்கு 0.25 முதல் 0.5 யூனிட்டில் தொடங்குவார்கள்.

அதிகம் கோளாறாவது சிரிஞ்சில்தான். குப்பியில் 40 (ஒரு மில்லியில் 40 யூனிட்) என்றிருந்தால் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 என்றிருந்தால் ஆரஞ்சு மூடி. 100 மருந்தை 40 சிரிஞ்சில் அளந்தால் இரண்டரை மடங்கு ஏறிவிடும், உயிருக்கே ஆபத்து.

கலங்கலான மருந்தைப் பெரும்பாலும் குலுக்காமல் உள்ளங்கையில் உருட்ட வேண்டும்; குப்பியோடு வரும் தாளில் குலுக்கச் சொல்லியிருந்தால் அப்படியே செய்யுங்கள். விலாப்பக்கத் தோலைக் கூடாரம்போல் தூக்கி, அடியில் குத்துங்கள். முடி ஈரமானால் மருந்து வெளியே போயிருக்கும். அதற்காக மறுபடி போடாதீர்கள். அடுத்த வேளை பார்த்துக்கொள்ளலாம். சாப்பிடவில்லையா? போடுமுன் டாக்டரைக் கேளுங்கள்.

தள்ளாட்டம், நடுக்கம் வந்தால் இரத்தச் சர்க்கரை ரொம்ப இறங்கியிருக்கலாம்; கருப்பட்டிப் பாகை ஈறில் தடவிவிட்டு உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். வாயில் ஊற்றினால் புரையேறும். மற்ற நாளில் அல்வாத் துண்டு ஆசைக்குக்கூட வேண்டாம்.

கருத்தடை செய்யாத பெட்டையா? பருவம் முடிந்தபின் சுரக்கும் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் இன்சுலினை வேலை செய்யவிடாது. கருத்தடை அறுவை செய்யாமல் இன்சுலின் அளவை மட்டும் கூட்டிக்கொண்டே போவது வீண்.

குப்பி ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் இருக்கட்டும். ஒருமுறை உறைந்துவிட்டால் தூக்கிப்போட வேண்டியதுதான்.